நிரோஷா வீட்டுக் கல்யாண அடி

குண்டசாலை,
2024.08.18, ஞாயிறு.

பெருமதிப்புக்குரிய இசையமைப்பாளரும் ஆவணப்பட இயக்குநரும் போனை எடுக்காதவருமாகிய என் கணவர் இராமகிருஷ்ணன் அவர்களுக்கு,

நிரோஷா சுகம். பிள்ளையும் சுகம். பெண் பிள்ளை, இரண்டே முக்கால் கிலோ. இதை முதலிலேயே எழுதிவிட்டேன். இனி உட்கார்ந்து, ஆறுதலாக மற்றதைப் படியுங்கள்.

மாநகர சபையில் பதினாறு வருடமாகக் கடிதம் அடித்து அடித்து எனக்கு இப்படித்தான் தொடங்க வரும், கோவிக்க வேண்டாம். கோவிக்க வேண்டியது நான். படவேலையை முடிக்கச் சென்னைக்குப் போனவர், மூன்று கிழமையாகப் போனை நிறுத்திவிட்டு ஒரு அறைக்குள் கிடந்தால் நான் யாரிடம் போய்ச் சொல்ல? கடைசியாக வந்த செய்தியில், படத்தைக் கைவிட்டுவிட்டேன், இனி இசையும் வேண்டாம் கேமராவும் வேண்டாம், எந்த முகத்தோடு ஊருக்கு வருவேன் என்று எழுதியிருந்தீர்கள். அதற்குப் பிறகு சத்தமே இல்லை. நல்லகாலம், பக்கத்து வீட்டு மஸாஹிரா தன் கடைக்குச் சேலை எடுக்கச் செவ்வாய்க்கிழமை சென்னைக்கு வருகிறார். ஒலிப்பதிவுக் கூடத்துக்கே தேடி வந்து உங்கள் கையில்தான் இதைக் கொடுப்பாராம். அவரிடம் உங்கள் ஒளிச்சு விளையாட்டெல்லாம் நடக்காது.

இங்கே நடந்ததில் உங்களுக்குப் பாதிதான் தெரியும். நிரோஷாவின் கல்யாணத்தைச் சேர்த்து நீங்கள் எடுத்த படத்தின் முன்னோட்டத்தைப் பேஸ்புக்கில் போட்ட அன்று முதலில் எனக்குப் போன் எடுத்தது செல்லச்சாமி அண்ணன். உங்களுக்காக ஹுன்னஸ்கிரியத் தேயிலைத் தோட்டத்தில் ஒரு நாள் முழுக்கத் தப்படித்துக் காட்டிய மனுஷன் அவர். நிரோஷா கழுத்தில் தாலி ஏறுகிற இடத்தில் பிரேதம் தூக்குகிற அடி கேட்குதம்மா, அடிச்ச கை உன் கைதானே என்று லயத்து வீட்டுச் சனமெல்லாம் என்னைப் பிடித்துக் கேட்குது என்றார். கோயில் அடி, கல்யாண அடி, சாவு அடி என்று அவர் ஒவ்வொன்றாக அடித்ததை நீங்கள் ஒரே மூச்சில் பதிந்துகொண்டு வந்தீர்கள். கண்டி டவுனில் கடைக்காரர் வீட்டில் பிறந்த உங்களுக்கு எல்லாம் ஒன்றுதான். எது நன்றாகத் துள்ளுகிறதோ அதை எடுத்துக் கல்யாணத்துக்குப் போட்டுவிட்டீர்கள். தோட்டத்தில் மூன்று வயதுப் பிள்ளைக்குக்கூட அந்த வித்தியாசம் தெரியும்.

அப்போது நிரோஷாவுக்கு எட்டு மாதம் முடிந்திருந்தது. மறுநாளே அவள் அம்மா மூக்காயி அக்கா முதல் பஸ்ஸைப் பிடித்து வந்து, நம் வாசலில் நின்று மண்ணை வாரித் தூற்றினார். என் மகளுக்கோ வயிற்றுப் பிள்ளைக்கோ ஒன்று நடந்தால் இந்த வீடு விளங்காது என்று தெருவே கேட்கக் கத்தினார். அதை அப்படியே உங்களிடம் சொன்னது என் புத்திகெட்ட வேலை. பத்து நிமிடத்தில் முன்னோட்டத்தை அழித்தீர்கள், பிறகு உங்களையே காணோம்.

இருபது வருடமாக உங்களைப் பார்க்கிறேன். குளிக்கிற சவர்க்கார விளம்பரத்துக்கு மெட்டுப் போட்டீர்கள். பிறகு வானொலிக்குத் தமிழிலும் சிங்களத்திலும் பாட்டு. பிறகு திடீரென்று ஒரு கேமராவைத் தூக்கிக்கொண்டு மகாவலிக் கரையெல்லாம் நடை. விக்டோரியா அணைத் தண்ணீருக்குள் போன பழைய தெல்தெனிய ஊரைப் பற்றி எடுத்த படத்தைச் சந்தையில் திரை கட்டிப் போட்டபோது, மரக்கறி முதலாளி ஒருவர் அழுதுகொண்டே ஒரு முழுப் பலாப்பழத்தைத் தூக்கி உங்கள் தோளில் வைத்தாரே! மூன்று நாள் வீட்டில் அதே சாப்பாடு. நம்ம மலைநாட்டு அழுகையை எல்லாரும் காட்டுறாங்க, அழகையும் கொண்டாட்டத்தையும் நான் காட்டுறேன் என்பீர்கள். அப்படிப்பட்ட ஆள் ஒரே ஒரு பிழைக்காக எல்லாவற்றையும் மூட்டை கட்டுவதா?

சரி, ஆஸ்பத்திரிக் கதைக்கு வருகிறேன். போன திங்கட்கிழமை நிரோஷாவுக்குப் பிரஷர் ஏறிவிட்டது. தெல்தெனிய ஆஸ்பத்திரியிலிருந்து கண்டிப் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டார்கள் என்று செல்லச்சாமி அண்ணன் போனில் சொன்னார். சாப்பாட்டு நேரத்தில் ஒப்பீஸிலிருந்து பஸ் பிடித்துப் போய், கேட்டுக்கு வெளியிலேயே நின்றேன். மூக்காயி அக்கா கண்ணில் பட்டால் என்ன ஆகுமோ என்று உள்ளே போகப் பயம். செவ்வாயும் அப்படித்தான். கட்டுக்கலைப் பிள்ளையாருக்கும் நேர்ந்துகொண்டேன், தலதா மாளிகைப் புத்தர் பக்கம் திரும்பியும் கும்பிட்டேன். யார் காதில் விழுந்தாலும் சரி என்று.

புதன்கிழமை சுடுதண்ணீர்ப் போத்தலும் கையுமாக மூக்காயி அக்காவே வெளியே வந்தார். என்னைக் கண்டதும் போத்தலைக் கீழே வைத்துவிட்டு, என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதார். ஐயோ, போச்சு என்றுதான் நினைத்தேன். பிறகுதான் விஷயம் வந்தது. காலையில் ஆபரேஷன் செய்து பிள்ளையை எடுத்தாயிற்று, தாயும் பிள்ளையும் நல்ல சுகம். மூன்று கிழமையாகத் தனக்குத்தான் தூக்கமில்லை என்றார். உன் வாசலில் தூற்றின மண் என் மகள் தலையிலேயே விழுந்திருமோ என்று செத்துச் செத்துப் பிழைச்சேன் தாயி, நானும் பிள்ளை பெத்தவள், என் வாயால் அப்படிச் சொல்லலாமா என்று கேட்டுக் கேட்டு அழுதார். நாம் அவருக்குப் பயந்து கிடக்க, அவர் தன் வாய்க்கே பயந்து கிடந்திருக்கிறார். நாங்கள் கட்டிப் பிடித்து அழுத அழுகையைப் பார்த்துவிட்டுக் காவலாளி உட்காரச் சொல்லி உள்ளேயிருந்து ஒரு வாங்கைத் தூக்கிவந்து போட்டார்.

நேற்று, சம்பந்தியம்மாவை ஆஸ்பத்திரியில் இருக்கச் சொல்லிவிட்டு மூக்காயி அக்கா இங்கே வந்தார், கூடவே செல்லச்சாமி அண்ணனும். வந்ததும் வராததுமாக அக்கா மஞ்சள் தண்ணீர் கரைத்து வாசல் முழுக்கத் தெளித்தார். அண்ணன் முற்றத்தில் பழைய பேப்பரைக் கொளுத்தி, தோல் விறைக்கத் தப்புக்குச் சூடு காட்டினார். குப்பை எரிக்கிறீர்களா என்று கீழ்வீட்டுக்காரர் சண்டைக்கு வந்தார். கல்யாண அடி தொடங்கியதும் அவரே சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஆடத் தொடங்கிவிட்டார்! உங்கள் பதிவுக் கருவியைப் பிடித்தது நான். சிவப்பு விளக்கு எரிந்தது, அதற்கு மேல் எனக்குத் தெரியாது. நடுவில் மஸாஹிராவின் சிரிப்பும் ஒரு பஸ் ஹோர்னும் விழுந்திருக்கும். நிரோஷா ஆஸ்பத்திரியில் படுத்தபடி போனில் முழுதும் கேட்டாள். இதுதான் என் கல்யாண அடி, இதைப் போட்டுக் காட்டச் சொல்லுங்க, என் கல்யாணத்தைப் படத்திலிருந்து வெட்டிட வேண்டாம் என்றாள். பென் டிரைவ் இந்த உறைக்குள்தான் இருக்கிறது. முப்பதாம் நாள் பிள்ளைக்குப் பேர் வைக்கிறார்கள். இராமகிருஷ்ணன் தம்பி வந்து படம் எடுக்கணும், வேறு கேமராக்காரன் வந்தால் லயத்துக்குள் கால் வைக்க விடமாட்டேன் என்று மூக்காயி அக்கா சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

இனி எழுதுவது மஸாஹிராவுக்கும் தெரியாது.

படத்தில் அந்தக் கல்யாணக் காட்சியை முடித்த அன்று, வேலைக்குக் கிளம்பிய என்னைப் பிடித்துக் கதிரையில் இருத்திப் போட்டுக் காட்டினீர்கள், நினைவிருக்கிறதா? நான் அந்த லயத்தில் பிறந்தவள். என் அப்பாவைத் தூக்கிக்கொண்டு போனதும் அந்த அடிக்குத்தான். கேட்டவுடனேயே எனக்குத் தெரிந்துவிட்டது. சொல்லத் திரும்பினால், நீங்கள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறீர்கள். அவ்வளவு சந்தோஷம் உங்கள் முகத்தில். நல்லாருக்கு என்று சொல்லிவிட்டுப் பஸ்ஸுக்கு ஓடிவிட்டேன். நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்து, நீங்கள் விமானமும் ஏறிவிட்டீர்கள். மூக்காயி அக்கா மண் தூற்றிய நேரம் நான் கதவுக்குள் நின்று, அது என் தலைக்குத்தான் என்று நினைத்தேன். எனக்கு முன்பே தெரியும் என்பதை உங்களிடம் சொல்லாமல், உங்களை மட்டும் வெட்கப்பட விட்டுவிட்டேன்.

படத்தை முடித்தாலும் சரி, முடிக்காவிட்டாலும் சரி. வாங்க. வந்து என்னை நேருக்கு நேர் நின்று ஏசுங்கள், ஒரு வார்த்தை எதிர்த்துப் பேச மாட்டேன். ஏசாமல் மட்டும் அங்கேயே இருந்துவிடாதீங்க.

இனி எதைப் போட்டுக் காட்டினாலும் உள்ளதை உள்ளபடி சொல்லப் போகிற,
உங்கள்
நிரஞ்சனி