அம்மாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்ட நாள்

அப்பா,

போன வாரம் பரணை ஒதுக்கும்போது அம்மா கட்டுச்சோறு எடுத்துவரும் தூக்குப்போசி கைநழுவியது. போசி என் காலில் விழுந்தது. மூடி மட்டும் தனியே உருண்டு சமையலறைத் தரையில் ‘டங்’ என்றது. கால் வலியை உணர்வதற்குள் காது உங்களைத் தேடிவிட்டது. அந்தச் சத்தம் கேட்டதும் நீங்கள் வண்டியைக் கிளப்ப வேண்டும். யாரும் கிளப்பவில்லை.

அறுபதுகளில் நீங்கள் திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றில் வேன் ஓட்டினீர்கள். ஓட்டுநருக்குச் சுவிசேஷம் சொல்லும் அழைப்பும் உண்டு என்பது முதலாளிக்கு வேலை கொடுத்த பிறகுதான் தெரிந்தது. முருக பக்தரான அவர் கோபித்துக்கொள்ளவில்லை. ஆயுத பூஜைக்குக் கம்பெனி மூடும் நாட்களில் வேனை உங்களிடமே விட்டார். திரும்பும்போது பழனியிலிருந்து பஞ்சாமிர்தம் வாங்கி வர வேண்டும் என்பது ஒன்றுதான் நிபந்தனை. பூஜையில் வேனுக்கு இட்ட சந்தனமும் குங்குமமும் அப்படியே இருக்கும். “மனுசன் ஆசையா வெச்சது, தொடைக்கலாமா?” என்பீர்கள். அந்தக் கோலத்திலேயே குண்டடம் தாண்டி ஊர் ஊராகப் போய் இயேசுவை அறிவித்தோம். ஜனங்கள் எங்களிடம் திருநீறு கேட்டார்கள்.

ஊழியத்தில் குடும்பம் முழுக்கச் சேர்ந்திருந்தது. குடும்பத்தை யாரும் கேட்டுச் சேர்க்கவில்லை. அக்கா பாடுவாள், நான் துண்டுப்பிரசுரம் கொடுப்பேன், தம்பிக்குக் காய்ச்சல் வரும்.

எங்கே நின்றாலும், புறப்படும் முன் கண்ணை மூடி ஜெபிப்பீர்கள். பிள்ளைகள் மூவரையும் பெயர் சொல்லி ஆண்டவர் கையில் ஒப்புக்கொடுப்பீர்கள். தன் பெயர் வந்ததும் அவரவர் ‘ஆமென்’ சொல்ல வேண்டும். மூன்று ஆமென் கேட்டால் எல்லோரும் ஏறியாயிற்று என்று அர்த்தம். அம்மாவின் பெயரை மட்டும் சொல்ல மாட்டீர்கள். நம் சொந்தத்தில் ஆண்கள் கட்டியவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ஆண்டவருக்கு முன்னாலும் அந்த வழக்கத்தை நீங்கள் விடவில்லை. “இவங்களப் பெத்தவளையும்” என்று முடித்துவிடுவீர்கள். பெயர் இல்லை என்பதால் அவளுக்கு ஆமெனும் இல்லை.

ஒரு வருடம் தாராபுரம் பக்கம் அமராவதிக் கரையில், ஒரு புளியமரத்தடியில் கட்டுச்சோறு சாப்பிட்டோம். தம்பியைப் பார்த்துக்கொள்வதற்காக அம்மா முன்சீட்டை விட்டுப் பின்னால் எங்களோடு வந்திருந்தாள். பனியன் மூட்டை போடும் அந்த இடத்துக்கும் உங்களுக்கும் நடுவே ஒரு தகரத் தடுப்பு. சாப்பிட்டதும் அவள் தூக்குப்போசியைக் கழுவ ஆற்றுக்குப் போனாள். மலைப்பக்கம் இருட்டிக்கொண்டு வந்தது. வெள்ளம் வருமுன் தரைப்பாலத்தைத் தாண்டிவிட வேண்டும் என்று அவசரப்பட்டீர்கள். அவசரத்திலும் ஜெபத்தை விடவில்லை. மூன்று பெயர், மூன்று ஆமென். அவள் பின்னால் இருக்கிறாள் என்று நீங்கள் நினைத்தீர்கள். முன்னால் ஏறிவிட்டாள் என்று நாங்கள் நினைத்தோம்.

அக்கரை ஏறி வெகுதூரம் போன பிறகு தம்பி தண்ணீர் கேட்டான். அக்கா தகரத்தைத் தட்டி, அம்மாவிடம் தண்ணீர் வாங்கித் தரச் சொன்னாள்.

“அங்கதான இருக்கறா?” என்றீர்கள்.

திரும்பி வந்தபோது தரைப்பாலம் இல்லை. அந்த இடத்தில் பழுப்புத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. எதிர்க்கரையில், அதே புளியமரத்தடியில், முழங்காலில் தலை கவிழ்த்து அம்மா உட்கார்ந்திருந்தாள். “ஏம்புள்ள” என்று கத்தினீர்கள். “இந்தா” என்றீர்கள். அக்காவின் பெயரைச் சொல்லி, அவள் அம்மாவே என்றும் கூப்பிட்டுப் பார்த்தீர்கள். உங்களிடம் இருந்ததெல்லாம் தண்ணீர்ச் சத்தத்தில் போயிற்று. கடைசியில் அவள் பெயரைச் சொன்னீர்கள். அம்மாவின் பெயரை உங்கள் வாயால் நாங்கள் கேட்டது அப்போதுதான்.

அவள் நிமிர்ந்தாள். எழுந்தாள். நேராக ஆற்றுக்குள் நடந்தாள்.

நீங்கள் இன்னும் பலமாகக் கூப்பிட்டு, நில்லு நில்லு என்றீர்கள். பெயர் மட்டும்தான் அந்தக் கரைக்குப் போய்ச் சேர்ந்தது போலும். கூப்பிடக் கூப்பிட வந்துகொண்டிருந்தாள். முழங்கால் முங்கியது. அக்காதான் எம்பி உங்கள் வாயைப் பொத்தினாள். அந்தப் பக்கம் ஆடு ஓட்டிவந்த ஒருவர் அம்மாவின் முந்தானையை எட்டிப் பிடித்துக் கரைக்கு இழுத்தார்.

மறுநாள் வெயில் ஏறியதும் வெள்ளம் வடிந்தது. அம்மா நடந்தே பாலத்தைத் தாண்டி வந்தாள். அழவில்லை. போசி சுத்தமாகக் கழுவியிருந்தது. முன்சீட்டில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் பேசினாள்.

“எங்கம்மா கூப்புடறாங்கன்னு நெனச்சனுங்க. அவங்க செத்ததுக்கப்பறம் அந்தப் பேரைக் கலியாணத்துல சபை ஐயரு ஒருக்காச் சொன்னாரு, அதோட செரி.”

நீங்கள் ஜெபிக்கக் கண்ணை மூடினீர்கள்.

“இனிமே அப்பிடிக் கூப்புடாதீங்க. மறுக்காவும் எறங்கீருவேன்.”

பஞ்சாமிர்தம் இல்லாமல் திரும்பியது அந்த வருடம் மட்டும்தான். முதலாளி ஒன்றும் கேட்கவில்லை. சபையில், ஆண்டவர் செய்ததைச் சாட்சியாகச் சொல்லக் கேட்டார்கள். வேதத்தில் பிளந்து வழிவிட்ட சிவந்த சமுத்திரத்துக்கு அடுத்தபடியான சங்கதி கையில் இருந்தும் நீங்கள் சொல்லவில்லை. எழுந்து நின்று, வாயைத் திறந்து, அக்காவைப் பார்த்துவிட்டு உட்கார்ந்துவிட்டீர்கள்.

மறு வருடமும் போனோம். ஜெபம் மட்டும் மாறியிருந்தது. மூன்று பெயர், மூன்று ஆமென், பிறகு ஒரு மௌனம். கண்ணைத் திறந்துகொண்டு காத்திருப்பீர்கள். அம்மா மடியிலிருக்கும் போசியின் மூடியை விரலால் சுண்டுவாள். டங். அதன் பிறகுதான் வண்டி கிளம்பும். சில நாள் சுண்டத் தாமதிப்பாள். கைக்கெட்டும் தூரத்தில்தான் இருப்பாள். நீங்கள் என்னவோ ஆற்றுக்கு அக்கரையைப் பார்ப்பது போல அவளைப் பார்ப்பீர்கள்.

எழுபதுகளின் கடைசியில் ஒரு மத்தியானம் உங்களை எடுத்தோம். சபை ஐயர் ஜெபித்து முடித்தார். பெட்டியை மூடக் குனிந்தவரை அம்மா இருக்கச் சொன்னாள். உங்கள் காதோரம் போய் உங்கள் பெயரைச் சொன்னாள். அதுவரை அவள் சொல்லி நாங்கள் கேட்டதில்லை. இரண்டாம் தடவை கொஞ்சம் பலமாகவே சொன்னாள். வந்தவர்கள் எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். அக்காவும் நானும் உங்கள் கால்களைப் பார்த்தோம்.

“வர மாட்டேங்கறாருங்க” என்றாள் ஐயரிடம். “மூடிக்கலாம்.”

அவளும் போய் வெகு காலம் ஆகிறது. இப்போது காரில் புறப்படும்போது, ஜெபத்துக்குப் பிறகும் நான் பின்சீட்டைத் திரும்பிப் பார்த்து ஒவ்வொருவரையும் தொட்டுக்கொள்கிறேன். பேரப்பிள்ளைகள் சிரிக்கிறார்கள். ஜெபத்தில் எல்லோர் பெயரும் வரும், உங்கள் இருவருடையதைத் தவிர. இந்த மடலிலும் எழுதவில்லை, கவனித்திருப்பீர்கள். அவள் உங்களிடம் வந்து சேர்ந்தாளா என்று எனக்குத் தெரியாது. நடுவில் எங்காவது நின்றுகொண்டிருந்தால், நான் கூப்பிட்டு அவள் தவறான பக்கம் இறங்கிவிடக் கூடாது.

பரலோகத்தில் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லித்தான் அழைப்பார்கள் என்று இப்போதிருக்கும் ஐயர் ஆறுதலாகச் சொல்கிறார். எனக்கு அதுதான் கவலை.

போசியைப் பரணில் வைத்துவிட்டேன். மூடியை மட்டும் கீழே, கைக்கெட்டும் இடத்தில் வைத்திருக்கிறேன்.