கீல் மாறிய பெட்டி

இயேசு மரி சூசை
மஸ்கட், 6.8.1995

அன்புள்ள அக்கா விண்ணரசிக்கு,

தம்பி ஆல்பின் எழுதுவது. வெயில் ஆளை வறுத்தெடுத்தாலும் ஆண்டவர் புண்ணியத்தில் நான் சுகம். நீயும் மச்சானும் பிள்ளை எல்சியும் அப்படியே இருக்க ஜெபிக்கிறேன்.

நல்ல சேதி ஒன்று. மூட்டை தூக்கியது போதுமென்று என்னைத் தண்ணீர்ப் பம்பு பழுதுபார்க்கும் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். அப்பா இருந்து பார்த்திருக்க வேண்டும். அவர் போய் ஏழு மாதம் ஆகிவிட்டதை இன்னும் நம்ப முடியவில்லை.

மோட்டார் பழுதுபார்க்க அவர் தூக்கிப்போகும் சாமான் பெட்டி எனக்கு வேண்டும். முன்பக்கக் கதவு ஒற்றைக் கீலில் தொங்கும், நாதாங்கி ஒடிந்து சணல் கட்டியிருக்குமே, அதைப் பழுது பார்த்து முன்பிருந்தபடியே ஆக்கி வை. அய்யம்பேட்டை ஜெய்னுலாபுதீன் பாய் அக்டோபரில் ஊருக்கு வருகிறார். திரும்பும்போது கொண்டுவருவார். மகனுக்கென்று அப்பா விட்டுப்போனது அது ஒன்றுதானே. நீ வைத்துக்கொண்டு என்ன செய்யப் போகிறாய்?

அன்புத் தம்பி,
ஆல்பின்

திருவையாறு, 2.9.1995

அன்புத் தம்பி ஆல்பினுக்கு,

மூன்று மாதம் கடிதம் இல்லை. வந்த கடிதத்திலும் அக்காவுக்கு நாலு வரி, பெட்டிக்குப் பத்து வரி. இருக்கட்டும். உனக்குப் பதவி உயர்ந்ததில் எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? சூசையப்பர் கெபியில் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்தேன்.

பெட்டி தயார். தஞ்சாவூர் போய்ப் பித்தளை நாதாங்கி வாங்கிவந்தேன். கீலின் ஆணி தேய்ந்து போயிருந்தது. சைக்கிள் சக்கரக் கம்பியை வெட்டிச் செருகினேன், கச்சிதமாக உட்கார்ந்தது. ஆனால் கீல் இருந்த இடது பக்கத்துப் பலகை உளுத்துவிட்டது. ஓட்டையில் தீக்குச்சியும் பசையும் வைத்து முறுக்கியும் திருகாணி நிற்கவில்லை. அதனால் கதவைத் திருப்பி வலது பக்கம் கீல் அடித்துவிட்டேன்.

இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பாய். கடைசி மூன்று வருஷம் அப்பாவுக்குக் கண் மங்கலடா. அவர் பக்கத்தில் நின்று சொல்வார், மோட்டாரைக் கழற்றி மாட்டியது நான். உனக்குத் தெரிந்தால் வேலையை விட்டு ஓடிவருவாய் என்று எழுத விடவில்லை.

அன்பு அக்கா,
விண்ணரசி

மஸ்கட், 19.9.1995

அக்காவுக்கு,

முன்பிருந்தபடி என்றுதானே எழுதினேன்? வலது பக்கம் கீல் வைத்தால் கதவு என் கையை மறைக்காதா? பீச்சாங்கைக்காரி நீதானே, எனக்கு வலது கைதானே பழக்கம்? பலகையை மாற்றிப் பழையபடி அடித்து அனுப்பு. அப்பாவின் கண்ணைப் பற்றி எல்லாரும் சேர்ந்து மறைத்துவிட்டீர்களே, நான் என்ன அந்நியனா?

ஆல்பின்

திருவையாறு, 11.10.1995

அன்புத் தம்பிக்கு,

மறைத்தது தப்புதான். அதற்கு என்ன திட்டினாலும் வாங்கிக்கொள்கிறேன்.

உன் கடிதம் வந்த அன்றே புதுப் பலகை அறுத்து வாங்கினேன். வலது பக்கக் கீலைக் கழற்ற உட்கார்ந்தபோது மேலத்தெரு இராஜாங்கம் ஓடிவந்தார். "மோட்டாரு நின்னு போச்சு தாயி. நட்ட பயிரு காயுது, வாய்க்கால்ல தண்ணி எட்டல. சீக்கிரம் வாம்மா" என்றார். பெட்டியை அப்படியே தூக்கிக்கொண்டு போனேன்.

மோட்டார் கொட்டகையில் குனிந்தபடியே இடது கையை நீட்டினேன். கேட்ட சாமான் கேட்டபடி கையில் வந்தது. இத்தனை வருஷம் அந்தக் கதவோடு மல்லுக்கட்டியே வேலை செய்திருக்கிறேன், அன்றைக்குத்தான் உறைத்தது. பலகை உளுத்தது நிஜம். ஆனால் புதுப் பலகை வைக்க எனக்குத் தெரியாதா? உனக்கென்று உட்கார்ந்து எனக்காகச் செய்திருக்கிறேன்.

உன் மச்சான், "ஆம்பளப் புள்ளைக்குப் போக வேண்டியது, குடுத்துடு" என்கிறார். எனக்கு மனசு வரவில்லை, ஆல்பின். என்ன செய்யப் போகிறாய் என்று கேட்டாயே. இதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன், இனிமேலும் செய்வேன். பெட்டியை அனுப்பமாட்டேன். கோபித்துக்கொண்டு கடிதம் போடாமல் இருந்துவிடாதே. அதை மட்டும் என்னால் தாங்க முடியாது.

உன் அக்கா,
விண்ணரசி

மஸ்கட், 24.11.1995

அன்புள்ள அக்காவுக்கு,

கோபத்தில் ஒரு கடிதம் எழுதி, மறுநாள் கிழித்தேன். அப்புறம் பேனாவைத் தொடவே வெட்கமாக இருந்தது. பாய் வெறுங்கையோடு வந்து, "ஒங்க அக்கா அழுவுறாங்க தம்பி, ரெண்டு வரி எழுதிப் போடுங்க" என்றார்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இங்கே வெளிச் சாமான் எதையும் கம்பெனி வாசலுக்குள் விடமாட்டார்கள். ஸ்பேனர் முதற்கொண்டு அவர்களே தருகிறார்கள். பெட்டி வந்திருந்தால் என் கட்டிலுக்கடியில் கிடந்திருக்கும்.

அப்பா அடக்கத்துக்கு எனக்கு லீவு தரவில்லை. யார் யாரோ அவரைத் தூக்கிப் போனார்கள், பெற்ற மகன் தோள் கொடுக்கவில்லை. அவருடையது எதையாவது தூக்கிச் சுமக்க வேண்டும் போலிருந்தது அக்கா, அவ்வளவுதான்.

ஜனவரியில் வருஷப் பூசைக்கு லீவு கிடைத்துவிட்டது. முப்பது நாள் இருப்பேன். அந்த முப்பது நாளும் யார் மோட்டாருக்குக் கூப்பிட்டாலும் நீ முன்னால் நட. பெட்டியை நான் தூக்கிக்கொண்டு வருகிறேன்.

உன் தம்பி,
ஆல்பின்