வேம்புலியின் மீன்குழம்பும் என் மன்னிப்பும்

அம்பத்தூர்,
9-8-1988

சாயர்புரத்து மகாராணி நேசம்மாளின் சமூகத்துக்கு,

நான் சுகம். நீயும் பிள்ளைகளும் சுகமாயிருக்க ஜெபிக்கிறேன். உன் அப்பாவின் அடக்கத்துக்கு நான் வராததை மன்னித்துவிட்டதாக நீ எழுதி மூன்று மாதமாகிறது. பதில் எழுத இன்றுதான் தைரியம் வந்தது.

போன மாதம் பட்டறையில் என்னோடு வேலை செய்யும் வேம்புலி கைதவறி ஓர் இரும்புச் சட்டத்தை என் காலில் போட்டுவிட்டான். பயப்படாதே. அந்தச் சத்தத்தில் ஆவடியில் ரயில் நின்றதாகக் கேள்வி; எனக்குப் போனது ஒரு நகம்தான். அன்றைக்கே மன்னித்துவிட்டேன். ஆனால் அவனிடம் சொல்லவில்லை. பரிகாரமாகத் தினமும் மீன்குழம்பு கொண்டுவந்தான், என் சட்டைகளையும் துவைத்தான். வேண்டாமென்று சொல்ல நான் என்ன தேவதூதனா?

போன ஞாயிறு போதகர், நம் செய்கைகளைப் பார்த்தல்ல, கிறிஸ்துவின் பொருட்டே தேவன் நம்மை நீதிமான் என்று தீர்க்கிறார், அதை நம்பி ஏற்பதே நம் பங்கு என்றார். மனசாட்சி குத்தியது. மறுநாள் வேம்புலியிடம் உண்மையைச் சொன்னேன்.

"சும்மா வாயால சொன்னா ஆச்சா அண்ணாத்தே? இன்னும் ஒரு மாசம் தோச்சிக் குடுக்கிறேன், அப்பால மன்னி."

"என் வார்த்தைய நம்பமாட்டியால?" என்று சக்கரவர்த்தியைப் போல முழங்கினேன். அவன் காதில் வாங்காமல் சட்டையைப் பிழிந்தான்.

அவனைத் திட்டிக்கொண்டிருக்கும்போதே வெட்கமாகிவிட்டது. பட்டுச்சேலையோடுதான் உன் முகத்தில் விழிப்பதென்று நானும் மூன்று மாதமாக ஓவர்டைம் பார்க்கிறேன். உன் வார்த்தையை நானும் நம்பவில்லை, நேசம்.

என் தலையணையை வெயிலில் போட்டு வை. பட்டறைச் சங்கு ஊதிவிட்டது, ஓடவேண்டும். வெள்ளிக்கிழமை ரயிலேறுகிறேன், சேலை இல்லாமல்.

ஞானசிகாமணி