கிரெஃப்

அன்புள்ள தம்பிக்கு,

நேற்று டாக்டர், "மதாம், கிரெஃப் பிடிச்சிடுச்சு" என்றார். ஆப்பிள் கிளையை ஒட்டுவதற்கும், உன் சிறுநீரகத்தை எனக்குள் வைத்ததற்கும் நம் பிரெஞ்சு மொழியில் ஒரே சொல் என்பது அப்போதுதான் உறைத்தது.

"எங்க தோட்டத்துல துளிர் வந்தப்புறம்தான் பிடிச்சுதுன்னு சொல்வோம், டாக்டர்" என்றேன்.

"உங்க தம்பியும் போறப்போ இதையேதான் சொன்னார். அப்புறம் 'அக்கா சாப்பிடுறாளா'ன்னு கேட்டார்."

அப்பாவின் தோட்டத்தைப் பிரித்த நாளிலிருந்து நீ என்னோடு பேசுவதில்லை. பக்கத்து அறையில் படுத்திருந்தும் எட்டிப் பார்க்காமல் நோர்மாந்தியில் இருக்கும் உன் வீட்டுக்குத் திரும்பிவிட்டாய். டாக்டரிடம் மட்டும் விசாரித்திருக்கிறாய்.

நன்றாகச் சாப்பிடுகிறேன். சனிக்கிழமை வீடு திரும்பும்போது உன் வீட்டு வழியாகத்தான் வரப்போகிறேன். கதவைத் திறக்காவிட்டால் ஜன்னலைத் தட்டுவேன். சூப் தயாராக இருக்கட்டும். உப்பு மட்டும் போடாதே.

உன் அக்கா