இருநூற்றுப் பன்னிரண்டாவது மலை

மார்ச் 4, செவ்வாய்

விமானத்திலிருந்து லேசர் அடித்து அளந்த உயரங்கள் வந்துவிட்டன. அதை வைத்துப் பழைய மலைப்பட்டியலைத் திருத்த வேண்டும். விதி அதேதான்: பக்கத்துப் பள்ளத்திலிருந்து உச்சி முப்பது மீட்டராவது எழுந்து நின்றால் மலை, குறைந்தால் வெறும் மேடு. மொத்தம் இருநூற்றுப் பன்னிரண்டு. எங்கள் பிரிவுத் தலைவர் (ஆபீசில் எல்லோருக்கும் அவர் 'அழிரப்பர்') மொத்தத்தையும் என் தலையில் கட்டிவிட்டார். "உங்களுக்குத்தான் மேடம் ஒவ்வொண்ணும் அத்துப்படி."

அத்துப்படிதான். தம்பி அதில் இருநூற்றுப் பதினொன்றில் ஏறியவன்.

மார்ச் 6, வியாழன்

இரண்டு மலைகள் மேடாகிவிட்டன. இரண்டிலும் ஏறியிருக்கிறான். இருந்திருந்தால் "என் வேர்வைக்கு யாருக்கா பதில் சொல்றது?" என்று குதித்திருப்பான்.

மார்ச் 7, வெள்ளி

212 மட்டும் பாக்கி. தலைவலி என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

மார்ச் 10, திங்கள்

திறந்தேன். பள்ளம் 612.3. உச்சி 642.6. வித்தியாசம் 30.3. மலைதான். அப்பாடா என்று நாற்காலியில் சாய்ந்தேன்.

ஏன் அப்பாடா? இங்கேயாவது எழுதித் தொலைக்கிறேன். இரண்டு வருடத்துக்கு முன் பட்டியல் 211-ஓடு முடிந்திருந்தது. அவனும் ஏறி முடித்துவிட்டு, வேலை போனவன் மாதிரி வீட்டைச் சுற்றி வந்தான். "இன்னும் ஒண்ணு போடேன்க்கா." பழைய வரைபடத்தில் இந்த இடத்துக்கு உயரமே குறிக்கவில்லை. இருபத்தேழாகவும் இருக்கலாம், முப்பத்திரண்டாகவும் இருக்கலாம். குத்துமதிப்பாக முப்பது என்று எழுதினேன். அவன் ஆசைக்காக. அடுத்த மாதமே, மழையில், உச்சிக்கு இருபது அடி கீழே வழுக்கி விழுந்தான்.

மார்ச் 11, செவ்வாய்

இன்று மறுபடி பார்த்தேன். பார்க்காமலே இருந்திருக்கலாம்.

உச்சியில் ஒரு சின்னப் புடைப்பு. மென்பொருள் மரத்தைக் கழிக்கும், கட்டடத்தைக் கழிக்கும். குவித்த கல்லை மட்டும் தரை என்று நினைத்துக்கொள்ளும். அது நாங்கள் குவித்த கல். அவன் போன பிறகு, அவனுடைய கூட்டாளிகளும் நானும் ஏறிப்போய், என் மார்பளவுக்கு அடுக்கினோம். ஒன்று புள்ளி இரண்டு மீட்டர். மனிதர் வைத்தது உயரத்தில் சேராது.

29.1.

மலையே இல்லடா அது. இல்லாத மலைக்கா உன்னை அனுப்பினேன்?

மார்ச் 12, புதன்

சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன்.

மார்ச் 13, வியாழன்

அழிரப்பரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "மெஷினே முப்பது புள்ளி மூணுங்குது. விட்டுடுங்க மேடம். யாரு மேல ஏறிப் பார்க்கப் போறா?"

காலமெல்லாம் அடுத்தவர் எண்களை அழித்த மனிதருக்கு என் எண்ணை அழிக்க மனம் வரவில்லை. விட்டுவிட்டால் அம்மாவுக்குத் தெரியாது. யாருக்குமே தெரியாது. ஆனால் அவனுக்கு வைத்த கல்லுக்குப் பின்னாலேயே ஒளிந்துகொள்வதா? அவ்வளவு கேவலமாகவா போய்விட்டேன்?

மார்ச் 15, சனி

காலையில் அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தபோது சொல்லிவிட்டேன். "நான்தாம்மா அவனை அங்க அனுப்பினேன்."

அடித்திருந்தால் தேவலை. மடித்த புடவையை உதறி மறுபடி மடித்தாள். "நீ போடலேன்னாலும் அவன் வேற எங்கயாவது ஏறியிருப்பான்னு சொல்லலாம். வாய் வரமாட்டேங்குதுடி."

சாயங்காலம் கூடத்திலிருந்து கூப்பிட்டாள். சுவரில் அவன் ஒட்டிய பட்டியல் முன்னால் நின்றிருந்தாள். கடைசிக் கட்டம் மட்டும் காலி.

"இது கணக்குல இல்லேன்னா, மிச்சம் எல்லாத்துலயும் அவன் ஏறிட்டானா?"

"ஏறிட்டாம்மா."

"என்னிக்கு முடிச்சான்?"

"சேத்து ஷூவோட சமையக்கட்டுக்குள்ள ஓடி வந்தானே, அன்னிக்கு."

"அன்னிக்கு நான் அவனைத் திட்டினேன்" என்றாள். அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மார்ச் 17, திங்கள்

29.1 என்று எழுதினேன். கீழே, பழைய முப்பது என் ஊகம் என்றும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அழிரப்பர் படித்துவிட்டு முத்திரை வைத்தார்.

மார்ச் 24, திங்கள்

அம்மா இன்னும் பேசவில்லை. தட்டை வைக்கிறாள், போய்விடுகிறாள். கேட்க எனக்கு வாயில்லை.

ஏப்ரல் 2, புதன்

இன்றும் இல்லை.

ஏப்ரல் 11, வெள்ளி

புதிய பட்டியல் அச்சாகி வந்துவிட்டது. இருநூற்றொன்பது. ஒரு பிரதியைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேஜையில் வைத்தேன். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பேனாவுக்குக் கை நீட்டினாள். நான் ஒவ்வொரு பெயராக வாசிக்க, அவள் டிக் போட்டுக்கொண்டே வந்தாள். ஒன்றரை மணி நேரம். நடுவில் என் குரல் இரண்டு தடவை உடைந்தது. அவள் தலை தூக்காமல், நான் சரியாகும்வரை காத்திருந்தாள்.

கடைசிப் பெயருக்கும் போட்டுவிட்டுப் பேனாவை மூடினாள்.

"முடிச்சிட்டான்டி."

இருபத்தேழு நாள் கழித்து என்னிடம் பேசியிருக்கிறாள்.