காலித் தண்ணீர் பாட்டில்

வியாழக்கிழமை, இரவு.

சோப்பு செய்யக் கையுறை வாங்கினேன், கண்ணுக்குக் கண்ணாடி வாங்கினேன். மீதமான காஸ்டிக் சோடா கரைசலை வைக்க ஒரு டப்பா வாங்க மட்டும் தோன்றவில்லை. ஆறியதும் காலித் தண்ணீர் பாட்டிலில் ஊற்றி அடுப்பு மேடையில் வைத்துவிட்டேன்.

மதியம் ஷிப்ட் முடிந்து வந்த என் வீட்டுக்காரர் அதை எடுத்துக் குடித்துவிட்டார். ஒரு மடக்குதான். உதடு வெளுத்துப்போனது. கீழ்வீட்டு சரோஜா அக்கா ஓடி வந்து, "உப்புத் தண்ணி குடுத்து வாந்தி எடுக்க வைம்மா" என்றார்.

"வேணாம்க்கா. மேல வர்றப்போ இன்னொரு தடவ வெந்துடும். பாக்கெட்லயே போட்டிருக்கு."

அதைப் படித்தவள்தான் நான். வாயைக் கொப்பளிக்க வைத்து, ஈஜிபுரா சிக்னலில் ஆட்டோ பிடித்தேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டர், "தண்ணி பாட்டில்ல யாரும்மா இத ஊத்தி வெச்சது?" என்று கேட்டார். பேச முடியாத என் வீட்டுக்காரர், கையைத் தூக்கித் தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். டாக்டர் அவரைத் திட்டிவிட்டுப் போனார். ஊற்றியது நான்தான் என்று சொல்லாமல் விட்டுவிட்டேன்.

தொண்டைக்குள் எவ்வளவு வெந்திருக்கிறது என்று நாளைக் காலையில் குழாய் விட்டுப் பார்த்தால்தான் தெரியுமாம். கடவுளே, அவருக்குக் குரல் வர வேண்டும்.

கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். எச்சில் விழுங்கும்போதெல்லாம் அவர் முகம் சுருங்குகிறது. நான் நிமிர்ந்தால் உடனே முகத்தைச் சரிசெய்துகொள்கிறார். அதனால்தான் நிமிராமல் எழுதிக்கொண்டிருக்கிறேன்.