கண்ணாடித் துண்டு

தங்கச்சி,

பெருநாளுக்குப் பிள்ளைகளோடு வா. ஆனால் உன் வீட்டில் தங்காதே. மூத்தவள் ராத்தா வீட்டில் தங்கு.

சவூதியில் லொறி ஓட்டித்தான் வாப்பா உங்கள் இருவரின் சீதன வீட்டையும் கட்டினார். உன் வீட்டுக் கூரை வேலை நிற்கக் கூடாதென்று உம்மாவின் ஜனாஸா அடக்கத்துக்குக்கூட வரவில்லை. காத்தான்குடியில் வேறு வளவு கிடைக்காமல், வாவிக்கரையில் மண் நிரப்பிக் கட்டிய வீடு அது. அத்திவாரம் இறங்குகிறது என்று போன வருடமே வாப்பாவிடம் சொன்னேன். கட்டடம் நான் படித்த தொழில்.

"உன்ட படிப்பக் கொண்டுபோய் கொழும்புல வை. நான் கட்டின வீடு விழாது," என்றார்.

அறைச் சுவரின் வெடிப்புக்குக் குறுக்கே ஒரு கண்ணாடித் துண்டை ஒட்டினேன். சுவர் அசைந்தால் அது உடையும். வாராவாரம் போய்ப் பார்த்தேன், உடையவில்லை. வாப்பா சொன்னதுதான் சரியோ என்று எனக்கே வெட்கமாகிவிட்டது.

நேற்றுத் தொட்டுப் பார்த்தேன். பசை ஈரமாக இருந்தது. கட்டிலுக்கடியில் பழைய துண்டுகள் உடைந்து கிடந்தன, ஒன்றல்ல.

"புள்ளக்கிட்டச் சொல்லிராதடா. அவட வீடு இது," என்றார் வாப்பா.

வீடு விழாது என்று எனக்குக் காட்ட, இப்போது அந்த அறையில்தான் படுக்கிறார். நான் கூப்பிட்டால் வரமாட்டார். நீ கூப்பிடு, இன்றைக்கே. இங்கே மழை தொடங்கிவிட்டது.

உன் காக்கா